தோளைத் தொட மறந்தவர்கள்

என் அக்கா பிறவியிலேயே காது கேளாதவள் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல், போகும்போது அவள் காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று அம்மா சொல்வாள். வீட்டில் அவள் செவிடு, பள்ளிக்கூடத்தில் செவிடு, தெருவில் செவிடு. தறிக்கூடத்தில் மட்டும் இல்லை. அங்கே வேலைக்குப் போன நாளிலிருந்து, பழைய தறிகளைப் பெயர்த்து லாரியில் ஏற்றிய நாள் வரைக்கும் என் அக்காவுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

சின்ன வயதில் அவளிடம் ஒரு வித்தை இருந்தது. அம்மா கோபமாகக் கையை ஆட்டி, முகத்தைச் சுளித்துத் திட்ட ஆரம்பித்தால், கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளைத் திட்ட உலகத்தில் ஒருவராலும் முடியாது. அம்மா அவள் எதிரே நின்றுகொண்டு, திட்டவும் முடியாமல் அடிக்கவும் மனம் வராமல் கையைப் பிசைவாள். கடைசியில் சிரித்துவிடுவாள். எனக்கு வயிறு எரியும். நான் காதைப் பொத்திக்கொண்டாலும் அம்மாவின் திட்டு விரலிடுக்கு வழியாக உள்ளே வந்துவிடுமே. பெரியவளான பிறகு அக்கா அந்த வித்தையை விட்டுவிட்டாள். யார் என்ன சொன்னாலும் கண்ணைத் திறந்து வைத்து முழுசாகக் கேட்டுக்கொள்வாள்.

பள்ளிக்கூடம் அவளுக்கு ஒத்துவரவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடி முதுகைக் காட்டிப் பேசுகிற வாத்தியாரிடம் அவள் என்னத்தைக் கற்பது? அதற்குப் பிறகு பல இடங்களில் வேலை கேட்டு அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். துணிக்கடையில் வாடிக்கையாளர் கேட்பது புரியாது என்றார்கள். அச்சகத்தில் ஆபத்து என்றார்கள். ஒரு வீட்டில் பாத்திரம் கழுவக்கூட வேண்டாம் என்றார்கள், கூப்பிட்டால் வரமாட்டாளாம். கடைசியாக நெசவு ஆலைக்குப் போனார்கள். அங்கே அப்போதிருந்த மேஸ்திரி அம்மாவிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மாவுக்குக் கேட்டிருக்காது. அந்தப் பழைய தறிகள் போட்ட சத்தம் அப்படி. பெரிய கட்டிடத்தில் இருக்கிற எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் அறைந்து சாத்திக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். அக்கா உள்ளேயே நின்று, ஓடுகிற இழைகளை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாளாம். மேஸ்திரி கட்டைவிரலை உயர்த்தினார். மறுநாளிலிருந்து அவள் தறிக்காரி.

அந்தக் கூடத்தில் ஒருவரும் வாயால் பேசுவதில்லை. பேசிப் பயனில்லை. பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் காற்றுதான் போகும். அதனால் அவர்களாகவே ஒரு கைப்பேச்சை உண்டாக்கி வைத்திருந்தார்கள். பாவு நூல் அறுந்தது, எண்ணெய் தீர்ந்தது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், அவன் வருகிறான் ஜாக்கிரதை, எல்லாவற்றுக்கும் ஒரு கை அசைவு, அதோடு உதட்டை நன்றாக இழுத்து வார்த்தையை வரைந்து காட்டுவது. அது அரைகுறைப் பேச்சுதான். என் அக்கா உள்ளே போனதும் அது முழுப்பேச்சானது. நினைவு தெரிந்ததிலிருந்து கையும் கண்ணுமாக வாழ்ந்தவள் இல்லையா? வீட்டில் நாங்கள் பேசிக்கொண்ட அத்தனையையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினாள். கேலி செய்வதற்கு, ஆறுதல் சொல்வதற்கு, பொய்யென்று காட்டுவதற்கு, போனால் போகிறது என்று விடுவதற்கு எல்லாம் அவளிடம் அசைவு இருந்தது. ஒரு வருஷத்துக்குள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வம்பு பேசினார்கள், கதை சொன்னார்கள், சண்டை போட்டார்கள்.

ஆலைக்காரர்கள் வீட்டுச் சண்டையே தனி. புருஷனும் பெண்டாட்டியும் சத்தமில்லாமல் கையை வீசிக்கொண்டு சண்டை போடுவார்கள். அக்கம்பக்கத்தார் காது கொடுத்துக் கேட்க வழியில்லாமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்க்கிறவனும் ஆலைக்காரனாக இருந்தால் வீட்டுக்காரர்கள் எழுந்து திரையை இழுத்துவிடுவார்கள்.

பெயரைக் கையால் சொல்ல முடியாதே, அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம். மேனேஜருக்கு இரண்டு விரலை வளைத்துக் கண்ணில் வைத்தால் கண்ணாடி. எந்நேரமும் வாயைப் பிளக்கிற ஒருவர் கொட்டாவி. அவர்தான் அங்கே பெரிய கதைசொல்லி. அக்காவுக்குப் பக்கத்துத் தறியில் நின்றவள் சிரித்தால் கன்னத்தில் பள்ளம் விழும். விரல் நுனியைக் கன்னத்தில் வைத்துத் திருகினால் அவள் பெயர். கன்னக்குழி. என் அக்காவைக் குறிக்கக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சுண்டு சுண்டுவார்கள். முடிச்சு என்று அர்த்தம். அறுந்த இழையை அவள் முடிச்சுப் போடும் வேகத்துக்காக வந்த பெயர். சான்றிதழில் இருக்கிற பெயரை அவள் ஒரு நாளும் காதால் கேட்டதில்லை. முடிச்சு என்ற பெயரைத்தான் நாள் முழுக்கக் கண்ணால் கேட்டாள்.

கன்னக்குழி எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவாள். இருவரும் கட்டிலில் எதிரும் புதிருமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். நடுவே எதற்கோ கன்னக்குழி விழுந்து விழுந்து சிரிப்பாள். என்னவென்று கேட்டால் உனக்குப் புரியாது போ என்பாள். சொந்தத் தங்கை எனக்கே பொறாமையாக இருக்கும். அம்மா செத்தபோது அக்காவோடு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அவள் மேல் பழி போடுகிறேன் என்று ஆகிவிடும், அதனால் சொல்கிறேன்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நான் சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான். ஆபத்து மணி அங்கேயும் உண்டு. ஆனால் அது அடிப்பது யாருக்குமே கேட்காது. ஆகவே, முதலில் ஆபத்தைப் பார்த்தவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை உதற வேண்டும். உதறிய கையோடு பக்கத்துத் தறிக்காரரின் தோளைத் தொட வேண்டும். தொடப்பட்டவர் தன் பக்கத்திலிருப்பவரைத் தொட வேண்டும். பக்கத்துத் தோளைத் தொடாமல் ஒருவரும் வாசலைப் பார்க்கக்கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு தடவை கழிவுப் பஞ்சில் நெருப்புப் பிடித்தபோது முதலில் பார்த்தவள் என் அக்கா. அவள் தொட்டது கன்னக்குழியின் தோளை. அங்கிருந்து தோள் தோளாகப் போய், புகை கூரையைத் தொடுவதற்குள் கூடம் காலியாகிவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

பிறகு புதுத் தறிகள் வந்தன.

அவை நல்ல தறிகள். நான் குறை சொல்ல மாட்டேன். வேகம் அதிகம், சத்தம் கொஞ்சம். இழை அறுந்தால் தானாக நின்று, தலையில் சிவப்பு விளக்கைச் சிமிட்டும், கூடவே கீச்சென்று ஒரு ஒலி. அக்காவுக்கு விளக்குப் போதும். மற்றவர்கள் ஒலி வந்த பிறகு எந்தத் தறி என்று தேடுவார்கள். இவள் அதற்குள் போய் நிற்பாள். புதுத் தறிகளுக்கு வரிசைக்கு ஒரு தலைவி போடப்போகிறார்கள் என்றும், அந்த வரிசைக்கு முடிச்சுதான் என்றும் பேச்சு அடிபட்டது. அக்கா அதை என்னிடம் சொன்னபோது முகம் அப்படிச் சிவந்திருந்தது. சம்பளத்துக்காக இல்லை. தலைவி என்றால் எல்லோரும் அவள் கையைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அதுதான்.

முதலில் கொஞ்ச நாள் கூத்தாக இருந்தது. இத்தனை வருஷம் சத்தத்தில் நின்றவர்கள் இல்லையா, அளவு தெரியவில்லை. கொட்டாவி பக்கத்துத் தறிக்காரரிடம் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, மேனேஜர் தலையில் இருப்பது சொந்த முடி இல்லை என்று சொல்லியிருக்கிறார். அது அலுவலக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கே கேட்டுவிட்டது. அக்கா அதை நடித்துக் காட்டியபோது நான் தரையில் புரண்டு சிரித்தேன். ஆனால் அதில் ஒரு விஷயம் இருந்தது. அந்த ஆலையில் முழுசாகக் காது கேட்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. பழைய தறிகள் எல்லோர் காதையும் பாதி தின்றிருந்தன. செவிடு என்ற பெயர் மட்டும் என் அக்காவுக்கு.

கைகள் மெதுவாக இறங்கின. தறியைப் பார்த்துக்கொண்டே வாயால் பேச முடிகிறபோது திரும்பி நின்று கையை ஆட்டுவது எதற்கு? யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடலாம். ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், என்ன என்று அக்கா கேட்பாள், ஒன்றுமில்லை அப்புறம் சொல்கிறேன் என்று ஒரு கை அசையும். அப்புறம் என்பது வரவே வராது. கன்னக்குழி மட்டும் கொஞ்ச நாள் திரும்பித் திரும்பிச் சொன்னாள். அவளுக்கும் கழுத்து வலித்திருக்கும். வீட்டுக்கு வருவதும் குறைந்தது.

ஒரு நாள் ஒத்திகை வைத்தார்கள். நெருப்புப் பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று பார்ப்பதற்காக, சொல்லாமல் கொள்ளாமல் மணி அடித்தார்கள். இந்த முறை மணி எல்லோருக்கும் கேட்டது. கேட்டவுடன் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். கையைத் தூக்கி உதற யாருக்கும் தோன்றவில்லை, தோளைத் தொடவும் தோன்றவில்லை. அக்கா தறிக்கு அடியில் குனிந்து இழை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது கூடத்தில் ஆளே இல்லை. தறிகள் எல்லாம் நின்றிருந்தன. என்ன நடந்தது என்று புரியாமல் அவள் ஒவ்வொரு வரிசையாக ஓடிப் பார்த்திருக்கிறாள். வெளியே மைதானத்தில் தலைகளை எண்ணியவர்கள் ஒன்று குறைகிறது என்று ஆளனுப்பினார்கள். உள்ளே வந்த பாதுகாப்பு அதிகாரி அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். அவ்வளவு பேர் முன்னால், திருட்டுப் பயலைக் கொண்டு வருகிற மாதிரி.

அங்கேயே கண்ணாடி கேட்டிருக்கிறார், ஏன் இந்த அம்மா வரவில்லை என்று. கன்னக்குழி பக்கத்தில்தான் நின்றாள். தொட வேண்டிய கை அவளுடையது. நான் மறந்துவிட்டேன், எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது, நாங்கள் எல்லோருமே மறந்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மணி கேட்காது சார் என்று மட்டும் சொன்னாள். பொய் இல்லைதான்.

அடுத்த வாரம் அக்காவைத் தறியிலிருந்து எடுத்துப் பேக்கிங் அறையில் போட்டார்கள். அவள் நன்மைக்காகத்தானாம். வரிசைத் தலைவி கன்னக்குழி.

பேக்கிங் அறை வாசலை ஒட்டிய நீள அறை. மடிக்கிற மேசை சுவரைப் பார்த்தபடி இருக்கும். அங்கே வேலை செய்யும் மற்ற இரண்டு பெண்களும் புதியவர்கள், கைப்பேச்சு தெரியாதவர்கள். அவர்கள் காதில் செல்போன் ஒயரைச் செருகிக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டுக் கேட்பார்கள். அவர்களைக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா விரிப்புகளை மடித்தாள், உறையில் போட்டாள், அடுக்கினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்காது.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கப் போனேன். மனிதர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார், தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நாங்க பாகுபாடே பாக்கறதில்லம்மா. பாத்திருந்தா அவங்கள எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்போமே."

மணியோடு சேர்த்து ஒரு பெரிய விளக்கையும் கூடத்தில் போடலாமே என்றேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். விளக்குகூட வேண்டாம், பழையபடி பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொடட்டும், அதை ஒரு விதியாக்குங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தோளைத் தொடறதையெல்லாம் எப்படிம்மா விதியாப் போட முடியும்? அதுவும் வேலை எடத்துல ஒருத்தர ஒருத்தர் தொடக்கூடாதுன்னு இப்பத்தான் புதுசா விதி வந்திருக்கு."

தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வழியெல்லாம் விதவிதமாகத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் சமத்துவ நாள் வந்தது. ஆலையிலிருந்து துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், வேலை இடத்தில் பாகுபாட்டைத் தடுக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்களாம். அதற்காகப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மாவை வரவழைத்தார்கள். தொழிலாளர்களின் குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். கடைசியில் அக்காவையும் மேடைக்குக் கூப்பிடப்போகிறார்கள், அவள் பேசுவதைக் கன்னக்குழி எடுத்துச் சொல்வாள் என்று செய்தி வந்தது.

அதைக் கேட்டதும் அக்காவுக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. மேடையில் என்ன சொல்வது என்று என் எதிரே நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கையை எவ்வளவு உயரத்தில் வைத்தால் பின்வரிசைக்குத் தெரியும் என்று என்னைச் சமையலறை வரைக்கும் தள்ளி நிற்க வைத்தாள். கன்னக்குழி சரியாகச் சொல்வாளா என்று நான் கேட்டேன். அவள் சொல்லாவிட்டால் என்ன என்று அக்கா கையை விரித்தாள். கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் என் கை புரியும். ஒருத்தராவது எழுந்து நிற்பார். தறி எனக்குத் திரும்பக் கிடைக்கும், பார். அவள் அதை நம்பினாள். அவள் நம்பியதைப் பார்த்து நானும் நம்பித் தொலைத்தேன்.

ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரங்கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோரும் சமம் என்று பெரிய துணி கட்டியிருந்தார்கள், அந்த ஆலையிலேயே நெய்த துணி. பயிற்சி கொடுக்க வந்த அம்மா நல்லவர்தான். மனதிலிருந்துதான் பேசினார். யாரையும் ஒதுக்குவதற்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, கவனக்குறைவே போதும் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பார்த்தால் முன்வரிசையில் கண்ணாடியும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பேசிய அவ்வளவு நேரமும் அக்கா அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்த முகமாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் அவளுக்கு யாரும் எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

கடைசியில் அவளைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றாள். கன்னக்குழி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

அக்கா கைகளைத் தூக்கினாள். பழைய கூடத்தில் கோடியில் இருப்பவருக்குச் சொல்கிற மாதிரி நிதானமாக, பெரிதாக, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துச் சொன்னாள். சத்தம் இருந்த காலத்தில் நான் செவிடு இல்லை. மணி அடித்தது, நீங்கள் எல்லோரும் போனீர்கள். என் தோளை ஒருத்தரும் தொடவில்லை. குறை என் காதில் இல்லை. என் தறியைத் திருப்பிக் கொடுங்கள். மணி அடித்தால் என் தோளைத் தொடுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சொல்லி முடித்துவிட்டுக் கைகளை இறக்காமல் அப்படியே நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கன்னக்குழி கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க. பேக்கிங்ல ரொம்ப நிம்மதியா இருக்காங்களாம். இங்க எல்லாரும் கூடப் பொறந்தவங்க மாதிரி பாத்துக்கறாங்கன்னு சொல்றாங்க."

கை தட்டினார்கள். முதலில் முன்வரிசை, பிறகு கூடம் முழுக்க. அக்கா கன்னக்குழியின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உதட்டைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு எப்படி எழுந்தேன் என்றே தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவ அப்படிச் சொல்லல. மணி அடிச்சப்ப யாரும் அவ தோளைத் தொடலன்னு சொன்னா. தறியத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டா."

கண்ணாடி எழுந்து, கூடப் பிறந்தவர், உணர்ச்சிவசப்படுகிறார் என்று அந்த அம்மாவிடம் பணிவாகச் சொன்னார். அந்த அம்மா என்னையும் கன்னக்குழியையும் மாறி மாறிப் பார்த்தார். நல்லவர் என்றுதானே சொன்னேன். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இவங்க கைப்பேச்சு தெரிஞ்சவங்க இங்க வேற யாராவது இருக்கீங்களா? இருந்தா கையத் தூக்குங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். கூடம் நிறைய அவளோடு வருஷக்கணக்காகக் கையால் பேசியவர்கள். கையால் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருந்தார்கள். கையால் கடன் கேட்டவர்கள், கையால் அழுதவர்கள் இருந்தார்கள். கொட்டாவி தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிலர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பைக்குள் எதையோ தேடினார்கள். ஒரு கைகூட எழவில்லை. இன்னும் புதுத் தறிகள் வரப்போகின்றன, வந்தால் பாதிப் பேருக்கு வேலை போகும், யார் யார் என்று இன்னும் முடிவாகவில்லை என்பது எனக்கும் தெரியும். பயத்தை நான் புரிந்துகொள்ளாதவள் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஒரு கையாவது அரை அடி உயர்ந்திருந்தால் என் அக்கா இன்றைக்கும் என் அக்காவாக இருந்திருப்பாள்.

அவளும் பார்த்தாள். மேடையிலிருந்து வரிசை வரிசையாக, முகங்களை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தாள். அறுந்த இழையைத் தேடுகிற பார்வைதான் அது. கடைசி வரிசை வரைக்கும் பார்த்து முடித்த பிறகு தன் கைகளை இறக்கிக்கொண்டாள்.

சரி, இதைப் பிறகு தனியாகப் பேசலாம் என்றார் அந்த அம்மா. அவர் குரலும் இறங்கிவிட்டது. பிறகு போட்டோ எடுத்தார்கள். அக்காவை நடுவில் நிற்க வைத்தார்கள். கண்ணாடி ஒரு பக்கம், கன்னக்குழி ஒரு பக்கம்.

வெளியே வந்தோம். ஆலை வாசலில் இருந்து பெரிய சாலை வரைக்கும் நீளமான மதில், அதை ஒட்டி நடக்க வேண்டும். தொழிலாளர்கள் கும்பல் கும்பலாக நின்றிருந்தார்கள். நாங்கள் கடந்து போகும்போது பார்த்தேன், அவர்கள் கைகள் பேசின. மேஸ்திரி பக்கத்தில் இருக்கும்போது பேசுவார்களே, அப்படி இடுப்புக்குக் கீழே, உடம்போடு ஒட்டி, சின்னச் சின்னதாக. உள்ளங்கையால் இடுப்போரம் ஒரு தடவல். மன்னித்துக்கொள் என்று அர்த்தம். கொட்டாவியும் செய்தார். இப்போது எல்லோருக்கும் கைப்பேச்சு ஞாபகம் வந்துவிட்டது. அக்கா நேராகப் பார்த்தபடி நடந்தாள்.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் திரும்புவதற்குள் கன்னக்குழி வந்து அக்காவின் தோளைத் தொட்டாள்.

அக்கா நின்றாள், திரும்பினாள். கன்னக்குழியின் முகமெல்லாம் கண்ணீர். இரண்டு கையையும் தூக்கிவிட்டாள், வெளிப்படையாக, நடுத்தெருவில், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, அந்த ஆள் என்னையே பார்த்துக்கிட்டிருந்தான், நான் என்ன செய்வேன் முடிச்சு என்று அவள் கைகள் பதறிப் பதறிச் சொல்ல ஆரம்பித்தன.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கன்னக்குழியின் கைகள் இன்னும் சற்று நேரம் ஆடின. பிறகு நடுவில் நின்றுவிட்டன. மறுபடியும் அக்காவின் தோளைத் தொட்டாள், உலுக்கினாள். கண் திறக்கவில்லை. கன்னக்குழி என்னைப் பார்த்தாள். என்னால் என்ன செய்ய முடியும்? எங்கள் சிறு வயதில் அம்மா நின்ற மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அக்கா என் பக்கம் கையை நீட்டித் துழாவினாள். என் முழங்கை கிடைத்ததும் பிடித்துக்கொண்டாள். போகலாம் என்று ஒரு இழுப்பு.

மதிலை ஒட்டி, சாலையைக் கடந்து, எங்கள் தெருவுக்குள் திரும்பி, வீட்டுப் படி வரைக்கும் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. பள்ளம் வந்தால் நான் முழங்கையை அழுத்தினேன், வண்டி வந்தால் நிறுத்தினேன். படியேறி உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினேன். அவள் முன்னால் போய் நின்று, கன்னத்தைத் தொட்டு, நான்தான் என்று காட்டினேன். நான்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் அவள் திறக்கவில்லை.